இந்தியத் தட்டு எவ்வளவு கெட்டி?

2025 மார்ச் 28 மத்தியானம் மண்டலே பக்கத்துல 7.7 அளவுல பூமி ஆடுனப்ப செட்டிநாட்டுல பல வீட்டுல டிவி முன்னாடி உக்காந்திருந்தவுக வாயில மொத வந்த பேச்சு ‘நம்ம பர்மா’ன்னுதான். இங்க வளவுத் தூணுல இருந்து உத்திரம் வரைக்கும் பர்மா தேக்கு, பெரியவுக பேச்சுல ரங்கூன், பெகு, மாந்தலேன்னு ஊர்ப்பேரு வந்துக்கிட்டே இருக்கும், 1930கள்ல கீழ்பர்மாவோட முக்கியமான நெல் நிலத்துல நாலுல ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்துச்சுன்னு வரலாறு சொல்லுது, அதனால அங்க ஒண்ணு நடந்தா இங்க வேற தேசத்துச் செய்தி மாதிரி யாருக்கும் தோணாது. அன்னைக்கி ராத்திரி என் அயித்தை ஃபோன்ல கேட்டாக, “ஏப்பா, அங்க வந்தது இங்கயும் வருமா?” பக்கத்துல இருந்த அம்மான் நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பதில் சொல்லிட்டாக: “நாம தட்டுக்கு நடுவுல இருக்கோம், தட்டுங்கறது ஒரே பாறை, ஆட்டமெல்லாம் ஓரத்துலதான்.”

அம்மான் சொன்னது ஸ்கூல் பாடத்துல இருக்கறதுதான்: பூமியோட மேல்தோடு பெரிய பெரிய துண்டாப் பிரிஞ்சு மெதுவா நகருது, அந்த ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டு. அதுல பெரும்பகுதி உண்மை. ஆனா அந்த ‘ஒரே பாறை’ங்கற விஷயம் எவ்வளவு தூரம் உண்மைங்கறதுதான் இந்தக் கட்டுரை, ஏன்னா எனக்குப் புவியியல் மேல இருக்கற மொத்தக் காதலும் அந்தக் கேள்விலதான் இருக்கு, அதுலயும் உலகத்துலயே இந்தக் கேள்விக்கு ரொம்ப சுவாரஸ்யமான பதில் வெச்சிருக்கற தட்டு நம்ம இந்தியத் தட்டுதான்.

மொதல்ல கெட்டின்னு சொன்னவங்க எதுக்காக அப்படிச் சொன்னாங்கன்னு பாத்துடலாம். 1965ல கனடாக்காரர் டூசோ வில்சன், பூமியோட மேல்தோடு சில பெரிய இறுகுன தட்டுகளாப் பிரிஞ்சு கெடக்குன்னு எழுதுனாரு, 1967ல டான் மெக்கென்சியும் ராபர்ட் பார்க்கரும், 1968ல ஜேசன் மார்கனும் அதைக் கணக்காவே ஆக்கிட்டாங்க. ஒரு உருண்டை மேல ஒரு இறுகுன துண்டு எப்படி நகந்தாலும் அதை ஒரு அச்சைச் சுத்தி நடக்கற ஒரே ஒரு சுழற்சியாச் சொல்லிடலாம்ங்கறது 18ஆம் நூற்றாண்டுல ஆய்லர் நிரூபிச்சது. அப்ப ஒரு தட்டு நெஜமாவே இறுகுனதா இருந்தா, அச்சு எங்க இருக்கு, எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு மூணே மூணு எண்ணு போதும், அந்தத் தட்டு மேல இருக்கற காரைக்குடியும் தெரியும் நாக்பூரும் தெரியும் கடலுக்கடியில இருக்கற எந்த மூலையும் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்துல போகுதுன்னு தெரிஞ்சுடும். இவ்வளவு கொஞ்சமா வெச்சுக்கிட்டு இவ்வளவு நெறையச் சொல்ற தியரி அறிவியல்ல அபூர்வம். ‘தட்டு இறுகுனது’ங்கறது கண்ணால பாத்துச் சொன்னதில்ல, அப்படி வெச்சுக்கிட்டா கணக்கு அழகா வருதுன்னு எடுத்துக்கிட்ட ஒரு அனுமானம், அது பிரமாதமா வேலை செஞ்சுச்சு, இன்னைக்கும் செய்யுது.

அந்த அனுமானத்துக்கு உலகத்துலயே நல்ல சாட்சி எதுன்னு கேட்டா தென்னிந்தியாவைக் காட்டலாம், இதை நம்ம ஊர்க்காரங்க பெருமையாவே சொல்லிக்கலாம். 1802ல வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்துல அடிக்கோடு அளந்து ஆரம்பிச்சதுதான் இந்தியாவோட மகா முக்கோண அளவை, அதாவது எடத்துக்கு எடம் முக்கோணமா இணைச்சு தேசத்தயே அளந்த வேலை. நம்ம பக்கம் மாதிரி சமதளத்துல அளக்கணும்னா உயரம் வேணும், மலை இல்லாத எடத்துல கோயில் கோபுரம்தான் கதி, அப்படி 1808ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்து மேல கோணம் அளக்கற அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏத்துறப்ப கயிறு அறுந்து கருவி சுவத்துல மோதி வளைஞ்சே போச்சு. மனுசன் அசரல. கூடாரத்துக்குள்ள ஒக்காந்து வாரக்கணக்குல வளைஞ்ச வட்டத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தானே நிமித்தி எடுத்தாரு. அந்தப் பிடிவாதம் அவருக்குப் பின்னாடி வந்தவங்ககிட்டயும் இருந்துச்சு, அதனால 19ஆம் நூற்றாண்டுல தென்னிந்தியாவுல போட்ட முக்கோணங்க நூறு வருஷம் கழிச்சும் நம்பி ஒப்பிடற தரத்துல இருந்துச்சு. 1994ல அந்தப் பழைய புள்ளிகள்ல சிலதுக்கு மறுபடி போயி ஜிபிஎஸ் வெச்சு அளந்தாங்க. கிட்டத்தட்ட 130 வருஷம். முக்கோணத்தோட வடிவத்துல சொல்லிக்கற மாதிரி மாத்தமே இல்ல.

அதுக்கப்பறம் பெங்களூர்லயும் ஹைதராபாத்லயும் வருஷம் முழுக்க ஓடற ஜிபிஎஸ் நிலையங்க வந்துச்சு, இன்னும் நெறைய எடத்துல வந்துச்சு, அதுல தெரிஞ்சது என்னன்னா இந்தத் தட்டு ஆசியாவப் பாத்து வருஷத்துக்கு 4, 5 சென்டிமீட்டர் போகுது, ஆனா தீபகற்பத்துக்குள்ள ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவுல இருக்கற தூரம் வருஷத்துக்கு 1, 2 மில்லிமீட்டருக்கு மேல மாறல. அதாவது எல்லாரும் சேந்தே போறோம். இதைப் படிச்சுட்டு அம்மான் சொன்னது சரிதானேன்னு நீங்க நெனைக்கலாம். சரிதான்.

ஆனா இந்த 1 மில்லிமீட்டர்ங்கறத லேசா விட்டுடக் கூடாது. ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துல வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர்னா கண்ணுக்கும் தெரியாது, நம்ம ஆயுசுக்கும் தெரியாது. 1 கோடி வருஷம் போனா அது 10 கிலோமீட்டர். 1 கோடி வருஷம்ங்கறது பூமிக்கு சின்ன விஷயம், இமயமலை எழும்ப ஆரம்பிச்சே சுமார் 5 கோடி வருஷம் ஆச்சு. அதனால எவ்வளவு கெட்டின்னு கேக்குறப்பவே எவ்வளவு காலத்துக்குன்னும் சேத்துக் கேக்கணும், இது ரெண்டையும் பிரிச்சா கேள்விக்கே அர்த்தம் கெடையாது.

பழைய வீட்டுப் பட்டாலைல மேல பாத்தா இது புரியும். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏத்துன தேக்கு உத்திரத்தத் தட்டிப் பாத்தா இரும்பு மாதிரி சத்தம் வரும், ஆணி எறங்காது, ஆனா ஓரத்துல இருந்து கண்ணைச் சரிச்சு நீளவாக்குல பாத்தீங்கன்னா நடுவுல லேசாத் தொய்வு இருக்கும், மாடிப் பாரத்த நூறு வருஷமாச் சொமந்ததுல வந்த தொய்வு, பாரத்த எறக்குனாலும் அது முழுசா நிமிராது. பாறையும் அப்படித்தான், ஆனா பாறைக்கு இன்னொண்ணும் வேணும், சூடு. தட்டோட மேல்பகுதி குளிர்ந்து கெடக்கறதாலதான் கெட்டியா இருக்கு. கீழ போகப் போக சூடு ஏறும், சுமார் 1300 டிகிரி தொடற எடத்துல அது தட்டாவே இருக்க முடியாது, அதே பாறைதான், உருகல, திடமாத்தான் இருக்கு, ஆனா மெதுவா ஓட ஆரம்பிச்சுடும். தட்டோட அடிப்பக்கம்னு நாம சொல்றது இந்தச் சூட்டு எல்லையத்தான். அங்க வேற பாறை வந்து கோடு போட்டுப் பிரிக்கல.

நம்ம மண்ணுலயே இதுக்குச் சாட்சி இருக்கு. சிவகங்கைல கிராஃபைட் எடுக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த கிராஃபைட் இருக்கற பாறைங்க இன்னைக்கி நம்ம கால்ல மிதிபடுது, ஆனா சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னாடி கோண்டுவானாங்கற பழைய பெருங்கண்டம் ஒண்ணு சேர்ந்த காலத்துல மதுரையச் சுத்தி இருக்கற இந்தப் பாறைத் தொகுதி ஆழத்துல 800, 900 டிகிரில வெந்துச்சு. அந்தச் சூட்டுல பாறை மடிஞ்சு, இழுபட்டு, வரிவரியா ஓடுச்சு, நம்ம பக்கத்து நைஸ் (gneiss) பாறைகள்ல கறுப்பும் வெளுப்புமா நெளிநெளியாப் போற அந்த வரிங்க அதோட தடம்தான். திருமயத்துலயும் பிள்ளையார்பட்டிலயும் உளி வெச்சுக் குடைவரை செதுக்கறதுக்கு ஏத்த கெட்டிப் பாறையா இருக்கற இந்தப் பூமி ஒரு காலத்துல நெளிஞ்சு கெடந்த பூமிதான். மேல வந்து ஆறுனதுக்கப்பறம்தான் இந்தக் கெட்டித்தனம்.

இன்னைக்கும் இது சும்மா கெடக்கல. நிலாவும் சூரியனும் இழுக்கறதுல கடல் மட்டும் ஏறி எறங்கல, தரையும் ஏறி எறங்குது, நம்ம மாதிரி பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கறவங்களுக்கு அது 30 சென்டிமீட்டருக்கும் மேல போகும், தெனமும் ரெண்டு தடவ. ஊரணியும் வீடும் கோயிலும் நாமளும் மொத்தமாச் சேந்து ஏறி எறங்கறதால யாருக்கும் தெரியல. வங்கதேசத்துல மழைக்காலம் வந்தா கங்கை, பிரம்மபுத்திராத் தண்ணியோட எடையில நிலமே சில சென்டிமீட்டர் கீழ எறங்குது, வெள்ளம் வடிஞ்சா மேல வந்துடுது, அதையும் ஜிபிஎஸ்லயே பாத்துட்டாங்க. 2004 டிசம்பர் 26 அன்னைக்கி சுமத்ராவுல இருந்து அந்தமான் வரைக்கும் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு வழுக்குனப்ப, இவ்வளவு தூரத்துல இருக்கற பெங்களூர் ஜிபிஎஸ் நிலையமே கெழக்கப் பாத்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகந்துச்சு. பெங்களூரே நகந்துச்சுன்னா அதுக்கும் கெழக்க இருக்கற நம்ம ஊரும் நகந்திருக்கணும், சுனாமி நாகப்பட்டினத்த அடிக்கறதுக்கு முன்னாடியே நம்ம காலுக்கடியில தட்டு நீண்டு முடிஞ்சிருக்கும். இறுகுன ஒண்ணு நீளாது. இது மீள்தன்மை, அதாவது ரப்பர்ல நாம பாக்கற அதே குணம் கல்லுலயும் இருக்கு, அளவுதான் ரொம்பக் கம்மி.

இமயமலைப் பக்கம் போனா அளவு பெருசாகுது. மலையோட எடையும் திபெத்தோட எதிர்ப்பும் சேந்து இந்தியத் தட்டோட வடக்கு ஓரத்தக் கீழ அமுக்குது, அப்படி அமுங்குன பள்ளத்துல மண்ணு கொட்டி நெறஞ்சதுதான் கங்கைச் சமவெளி. ஒரு பக்கம் அமுங்குனா அதுக்குப் பின்னாடி மேடு வரணும், வந்திருக்கு, மத்திய இந்தியாவுல அலை மாதிரி சுமார் 670 கிலோமீட்டர் அலைநீளமும் 450 மீட்டர் உயரமும் உள்ள மேடுன்னு 2003ல ரோஜர் பில்ஹாமும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டுச் சொன்னாங்க. தட்டு வடக்க நகர நகர அந்த மேட்டு வழியா ஒவ்வொரு ஊரும் ஏறி எறங்கிப் போகணும், அந்த வளைவுல பாறைக்கு வர்ற அழுத்தம் தட்டுக்கு நடுவுல வர்ற பூகம்பங்களுக்கு ஒரு காரணம்னு அவங்க வாதம்.

ஏன்னா நடுவுலயும் வருது. 1993 செப்டம்பர் 30 விடியக்காலைல மராட்டியத்துல கில்லாரி பக்கம் 6.2 அளவுல வந்து ஆயிரக்கணக்கான ஜனங்க தூக்கத்துலயே போயிட்டாங்க, அது தீபகற்பத்து நடுவுல இருக்கற ஊரு, எந்தத் தட்டு ஓரமும் அங்க கெடையாது. 1900 பிப்ரவரி 8ல நம்ம கோயம்புத்தூர்லயே 6 அளவுல வந்திருக்கு. 2001 செப்டம்பர்ல பாண்டிச்சேரி கடலுக்குள்ள 5.5. பாறையில பழைய காயங்க, அதாவது முன்னாடியே ஒடைஞ்ச எடங்க எங்க இருக்கோ அங்க அழுத்தம் சேந்து ஒரு நாள் வழுக்கும், எடைவெளி ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கலாம், அதனால ‘இதுவரைக்கும் வந்ததில்ல’ங்கற பேச்சுக்கு நான் பெருசா மதிப்புக் குடுக்க மாட்டேன். செட்டிநாட்டுக்குக் கெழக்க காவிரிப் படுகையும் பாக் நீரிணையும் உக்காந்திருக்கறதே கோண்டுவானா ஒடைஞ்சப்ப பூமி விரிஞ்சு எறங்குன பள்ளத்துலதான். அதுக்காக அயித்தையப் பயமுறுத்தவும் எனக்கு மனசு வரல, பர்மாவுல வந்த மாதிரி 7.7 இங்க வர்றதுக்குத் தோது இல்ல, அங்க சகாயிங் பிளவு வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் அளவுக்கு வழுக்கத் துடிச்சுக்கிட்டே இருக்கு, இங்க மில்லிமீட்டர் கூடத் தேறாது.

சகாயிங் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். இந்தியத் தட்டோட ஓரம்னு மேப்புல ஒரு கோடு போட்டிருப்பாங்க, அந்தக் கோடு அரக்கான் கடற்கரை ஓரமாப் போகுது, சகாயிங் பிளவு அதுக்கும் ரொம்பக் கெழக்க, பர்மாவோட நடுவுல, மண்டலே பக்கமா வடக்குத் தெக்கா ஓடுது. இந்தியா அந்தப் பக்கமா வடக்க நகர்ற வேகத்துல பாதிக்கு மேல இந்தப் பிளவுதான் வாங்கிக்குது, மிச்சத்த மேக்க இருக்கற மலைங்களும் கடலும் பங்கு போட்டுக்குது. 1930 மே 5ல பெகு நகரம் நொறுங்குனதும், ஷ்வேமாடோ பகோடா சரிஞ்சதும், நகரத்தார் கடை வெச்சிருந்த ஊருங்க ஆடுனதும் இதே பிளவோட தெக்குப் பகுதி வழுக்குனதாலதான். அப்ப ஓரம்ங்கறதே கோடு கெடையாது, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பட்டை.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச எடத்துக்கு வர்றேன், இலங்கைக்குத் தெக்க.

பாடப்புத்தகத்துல இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டுன்னு போட்டிருக்கும், இந்தோ-ஆஸ்திரேலியத் தட்டுன்னு. கடலுக்கடியில நடுமுகடுகள்ல, அதாவது கடல் நடுவுல நீளமா ஓடற மலைத்தொடர்கள்ல, புதுத்தரை எவ்வளவு வேகத்துல விரியுதுன்னு அந்தத் தரைப் பாறையில பதிஞ்சிருக்கற காந்தப் பட்டைகள வெச்சு அளக்கலாம், அப்படி அளந்து, மூணு தட்டு சந்திக்கற எடத்தச் சுத்தி எல்லா நகர்வையும் கூட்டுனா பூஜ்யம் வரணும், தட்டுகள் இறுகுனதா இருந்தா வந்தே ஆகணும். இந்துமாக்கடல்ல வரல. கணக்கு இடிச்சுது. அளவுல தப்பு இருக்கும்னு மறுபடி மறுபடி பாத்தாங்க, இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. 1985ல டக்ளஸ் வீன்ஸும் கூட்டாளிகளும், அதுக்கப்பறம் ரிச்சர்ட் கார்டன், சார்லஸ் டிமெட்ஸ் எல்லாம் சேந்து சொன்ன பதில்: இது ஒரே தட்டு இல்ல, இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவுல பூமத்திய ரேகைய ஒட்டி ஒரு பெரிய பரப்பு பூராவும் நசுங்கிக்கிட்டு இருக்கு. கோடு மாதிரி எல்லை ஒண்ணும் இல்ல, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல அகலமான பரப்பே எல்லையா இருக்கு.

அந்தக் கணக்கு சொன்னத கடலடியே காட்டிக் குடுத்துச்சு. வங்காள விரிகுடாவுல இமயமலை மண்ணு வந்து படிஞ்ச அந்தப் பெரிய வண்டலோட தெக்குப் பகுதிக்குக் கீழ கடலடிப் பாறை மடிப்பு மடிப்பா இருக்கு, ஒரு மடிப்புக்கும் அடுத்ததுக்கும் 100ல இருந்து 300 கிலோமீட்டர், உயரம் 1ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும். கடலடித் தட்டுதான் பூமியிலயே ரொம்ப இறுகுன பாறைன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க, அது மடிஞ்சு கெடக்கு. 1987ல துளைபோடற கப்பல அனுப்பி வண்டல எடுத்துப் பாத்தாங்க, 70, 80 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இந்த மடிப்பு நடந்துக்கிட்டு இருந்த அடையாளம் அந்தப் படிவுலயே இருந்துச்சு. காரணம் ரொம்ப நேரானது: வடக்க இந்தியாவ இமயமலை தடுக்குது, கெழக்க ஆஸ்திரேலியப் பக்கம் ஜாவாவுக்குக் கீழ தங்குதடை இல்லாம எறங்கிப் போகுது, ஒரே தட்டுல ஒரு பாதி நிக்குது இன்னொரு பாதி ஓடுது, நடுவுல மாட்டுன பாறை என்ன பண்ணும்?

அது என்ன பண்ணும்னு 2012 ஏப்ரல் 11 மத்தியானம் தெரிஞ்சுச்சு. சுமத்ராவுக்கு மேக்க, ஓரத்துல இருந்து தள்ளி, தட்டுக்குள்ளயே, 8.6 அளவுல ஒரு பூகம்பம், ரெண்டு மணி நேரத்துல இன்னொண்ணு 8.2. சென்னைல ஆபீஸ் பில்டிங்ல இருந்து ஜனங்க ரோட்டுக்கு ஓடி வந்தாங்க, கரையெல்லாம் சுனாமி எச்சரிக்கை, ஆனா பாறை மேல கீழ போகாம பக்கவாட்டுல வழுக்குனதால அலை பெருசா வரல, எல்லாரும் ரெண்டு நாள்ல மறந்துட்டாங்க. பூகம்பம் ஆராயறவங்க மறக்கல. பக்கவாட்டுல வழுக்குன பூகம்பங்கள்ல கருவி வெச்சு அளந்ததுலயே இதுதான் பெருசு. அதுவும் ஒரே கோட்டுல ஒடையல, ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட செங்குத்தா இருக்கற பல பிளவுங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா வழுக்குச்சு. தட்டுக்கு நடுவுலதான் ஆட்டமே இருக்காதுன்னு நம்புன எடத்துல, 2004க்கப்பறம் இந்துமாக்கடல்ல வந்த ரொம்பப் பெரிய பூகம்பங்கள்ல ஒண்ணு வந்ததே அங்கதான். நம்மூர்ல இதைப் பத்தித் தமிழ்ல யாரும் போதுமான அளவு எழுதலங்கறது எனக்கு நெஜமாவே வருத்தம், ஏன்னா நம்ம தட்டு நம்ம வாசல்ல ஒடைஞ்சு ரெண்டாகிக்கிட்டு இருக்கு.

அதனால அம்மான்கிட்ட நான் சொன்னது இதுதான்: நாம நிக்கற துண்டு கெட்டி, உலகத்துலயே கெட்டியான துண்டுகள்ல ஒண்ணு, அதை அளந்தே பாத்தாச்சு, ஆனா அந்தக் கெட்டித்தனம் தட்டு பூராவும் ஒரே மாதிரி பரவிக் கெடக்கல. பழைய, குளிர்ந்த எடத்துல அது நிக்குது, பழைய காயம் இருக்கற எடத்துல விட்டுக்குடுக்குது, இழுப்பும் தடுப்பும் ஒண்ணா வந்து சிக்குன எடத்துல பெரும் பரப்பா நொறுங்குது. கார்டன் போட்ட கணக்குல, இப்படி அகலமா நசுங்கற எல்லைங்க பூமியோட மேல்பரப்புல சுமார் 15 சதவீதத்த அடைச்சுக்கிட்டு இருக்கு. அம்மான் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “அப்ப புத்தகத்துல ஏன் கோடு போட்டுருக்கான்?”னு கேட்டாக. மொதல்ல கோடு போட்டுத்தான் சொல்லிக் குடுக்க முடியும், ஆனா அங்கயே நிறுத்துறது தப்புங்கறது என் அபிப்ராயம்.

என் அக்கா மக ஒம்பதாவது படிக்கறா, அவ அட்லஸ்ல உலகத் தட்டு மேப் ஒண்ணு இருந்துச்சு, போன லீவுல அவளோட ஒக்காந்து பென்சிலால இலங்கைக்குத் தெக்க இருந்து சுமத்ரா வரைக்கும் நிழல் போட்டோம், பர்மா பூரா போட்டோம், திபெத் பூரா போட்டோம், ஈரான் போட்டோம், அமெரிக்காவோட மேக்கப் பக்கம் போட்டோம். போடப் போட, கோடு மட்டும் போதுங்கற எடம் பெரும்பாலும் கடலுக்கு நடுவுலதான் மிஞ்சுச்சு. “அப்ப மொத்தம் எத்தன தட்டு மாமா?”ன்னு கேட்டா. பீட்டர் பேர்டுன்னு ஒருத்தர் 2003ல எண்ணிப் பாத்து 52ன்னு சொன்னாரு, அதோட, எந்தத் தட்டுலயும் சேக்க முடியாம நசுங்கிக்கிட்டு இருக்கற எடம்னு 13ஐத் தனியாவே வெச்சுட்டாருன்னு சொன்னேன். 13ஐயும் காட்டச் சொன்னா. அட்லஸ்ல அவ்வளவு பெரிய மேப் இல்ல, சார்ட் பேப்பர் வாங்கி வெச்சிருக்கோம்.